வளர்ந்தோர் கல்வியும் வழிகாட்டும் பண்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)





ஆண்டு விழா மேடைகளிலே பேச அழைக்கப்படுவோர் இளைஞரைப் பார்த்து "முன்வாருங்கள், தொண்டு செய்யுங்கள்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவது வழக்கமாகிவிட்டது. இளைஞரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் எதை, எங்கே, யாரோடு சேர்ந்து செய்வது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதைச் சொல்லிக் கொடுப்பதற்கும் பக்கத்தில் நின்று பழக்குவதற்கும் ஒருவர் வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் வளர்ந்தோர் கல்விக்கு எவ்வளவு இன்றியமையாதவர் என்பதையே யான் இன்று எடுத்துக்கொண்ட பொருளாக உங்கள் முன் வைக்கின்றேன். ஆகவே இந்தப் பேச்சு இளைஞருக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவுக்குப் பெரியோருக்கும் உரியது.

"வளர்ந்தோர் கல்வி இந்நாட்டிலே இனி எதற்கு? எல்லோருக்கும்தான் எழுத வாசிக்கத் தெரியுமே" என்று சிலர் கேட்கலாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையிலே பத்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் எழுத்தறிந்தவர்கள் என்பது உண்மையே. நாம் பெருமைப்பட வேண்டிய கணக்குத்தான். ஆனால் அந்த 95 பேருள் ஒருவராகிய ஒரு தாய், கடன் கொடுக்க வந்தவர் நீட்டிய நான்கு பக்கப் பத்திரத்தின் அடியிலே தம் பெயரை அழகாக எழுதிக் கொடுத்துவிட்டு, வட்டி எவ்வளவு என்பதை மூன்றாம் மாதத்திலே அயலவரிடம் கேட்டு அறிகிறார். பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதத்தை மடியிலே முடிந்துகொண்டு, அதை விளங்கப்படுத்தக்கூடிய ஒருவரைத் தேடி ஒரு முதியவர் அலைகிறார். வெளிநாட்டிலிருக்கும் மகன் கைப்பேசியிலே அனுப்பிய செய்தியை அயல்வீட்டுச் சிறுவன் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தறிவு இருந்தும் அந்த எழுத்து தமக்குத் துணை செய்யாதவர் நம் ஊர்களிலே இன்னும் பலர் இருக்கின்றனர். அவர்களோடு உட்கார்ந்து கற்பதற்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வி எனக்கு எப்படி எழுந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். யான் இளைஞனாயிருந்த காலத்திலே எங்கள் ஊரில் ஓர் இராப்பள்ளி நடந்தது. இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவர் வாசிகசாலையின் பின் அறையிலே அதை நடத்தினார். தோட்டவேலை முடித்து வருவோரும், கடற்றொழில் செய்வோரும், நாலைந்து தாய்மாரும் வருவார்கள். விளக்கைக் கொளுத்துவது, வெண்கட்டி வாங்கி வருவது, வாங்குகளை ஒழுங்காகப் போடுவது ஆகியவை என் வேலை. இரண்டு ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் அதைச் செய்தேன். ஒரு மார்கழி மாதத்திலே ஆசிரியர் காலமானார். செத்தவீடும் அந்தியேட்டியும் முடிந்தபின் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எட்டுப் பேர் வாசிகசாலைக்கு வந்து வாசலில் நின்றார்கள். யான் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு அவர்களோடு நின்றேன். கரும்பலகைக்கு முன்னே போக எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு மணி நேரம் ஊர்க்கதை கதைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். அதன்பின் அந்த வகுப்பு நடக்கவேயில்லை.

ஆசிரியர் மிக நல்லவர், ஊருக்காக உழைத்தவர். எனினும் இரண்டு ஆண்டிலே ஒரு நாளாவது "தம்பி, இன்றைக்கு இந்தக் கணக்கை நீ சொல்லிக் கொடு பார்ப்போம்" என்று அவர் வெண்கட்டியை என் கையில் தரவில்லை. "ஐயா, நான் ஒருக்காற் சொல்லிப் பார்க்கட்டுமா?" என்று யானும் கேட்கவில்லை. அவரிடத்தில் எனக்கிருந்த மரியாதையே என் வாயைக் கட்டிவிட்டது. இருவரும் நல்லெண்ணத்தோடு இருந்தோம். வகுப்பு மாத்திரம் அவரோடு போயிற்று. வாசலில் நின்ற அந்த எட்டுப் பேரின் முகங்களை யான் இன்றும் மறக்கவில்லை.

நம்முடைய பழைய வழக்கம் இப்படி இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே நடந்துவந்த புராண படனத்தை எண்ணிப் பாருங்கள். கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். ஊரார் கூடியிருந்து கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத உழவனும் அந்த மண்டபத்திலிருந்தே சூரபன்மன் கதையையும் சைவசித்தாந்தத்தின் சாரத்தையும் அறிந்துகொண்டான். நம் நாட்டின் முதல் வளர்ந்தோர் வகுப்பு இதுவே எனலாம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டார்கள்.

அந்தச் சபையிலே பயன் சொல்பவர் எப்படி உருவானார்? முதலிலே கேட்போரோடு கேட்போராக இருந்தார். பின்பு வாசிக்கப் பழகினார். தாம் வாசிக்கும் பாட்டுக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் பயன் சொல்வதை ஆண்டுக்கணக்காகக் காதாற் கேட்டார். ஒருநாள் பெரியவர் "இன்றைக்கு நீர் பயன் சொல்லும்" என்றார். பிழை வந்தபோது சபையிலிருந்த முதியோர் திருத்தினர். ஐயம் எழுந்தபோது கேள்வி கேட்டனர். பெரியவர் அருகிலிருந்தமையால் இளையவர் அவமானப்படாமல் தேறினார். பயிற்சியும் பரீட்சையும் பணியும் ஒரே இடத்தில் ஒன்றாக நடந்தன.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களுடைய பணியிலும் இந்த முறையைக் காணலாம். 1822ஆம் ஆண்டு நல்லூரிலே பிறந்த நாவலர், 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். கேட்டவர்கள் வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. அடுத்த ஆண்டிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பிறகு அச்சியந்திரசாலை, 1864இல் சிதம்பரத்திலே பாடசாலை என்று பணி விரிந்தது. இவ்வளவையும் ஒருவர் தனியே சுமக்க முடியாது. நாவலர் இல்லறம் புகாதவர். தம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை. மாணாக்கரே அவருக்குப் பிள்ளைகள். அவருடைய மருகரும் மாணாக்கருமாகிய பொன்னம்பலபிள்ளை புராணத்துக்குப் பயன் சொல்வதிலே பெரும் புகழ் பெற்றார். சதாசிவப்பிள்ளை "நாவலரவர்கள் மாணாக்கர்" என்ற அடைமொழியையே தமக்கு விருதாக வைத்துக்கொண்டு நாவலர் நூல்களைத் தொடர்ந்து பதிப்பித்தார். 1879ஆம் ஆண்டிலே நாவலர் சிவபதமடைந்த பின்னரும் வேலை நின்றுவிடவில்லை.

இதைப் பெருமையாகச் சொல்லும்போது ஒரு குறையையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அந்த ஆசனத்திலே அமரும் உரிமை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. குலம் பார்த்து விலக்கப்பட்டோர் பலர். பெண்கள் கேட்போராகவே இருந்துவிட்டார்கள். யாரை அருகில் அழைத்து வளர்க்கிறோம் என்பதிலேதான் ஒரு சமூகத்தின் நீதி தெரிகிறது. இந்த இடத்திலே நமக்குப் பாடஞ் சொல்லக்கூடிய ஒரு சரித்திரம் வேறு நாட்டிலே இருக்கின்றது. அது கிறிஸ்தவ மக்களின் கதை. நாவலர் தாமே பாதிரிமாரின் பிரசங்க முறையிலும் பாடசாலை முறையிலும் இருந்த நல்லதைக் கண்டு எடுத்துக்கொண்டவர். ஆகவே நாமும் தயங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்திலே சாள்ஸ்டன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அதற்கு அணித்தாக ஜோன்ஸ் தீவு என்றொரு தீவு. அங்கு வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் சந்ததியார். 1916ஆம் ஆண்டிலே செப்டிமா கிளார்க் என்ற பதினெட்டு வயதுப் பெண் அத்தீவுக்கு ஆசிரியையாகச் சென்றார். பாலம் இல்லாத காலம். படகிலேதான் போக வேண்டும். இரண்டு ஆசிரியைகளுக்கு 132 பிள்ளைகள். வீதிக்கு அப்பாலிருந்த வெள்ளையர் பாடசாலையிலே ஓர் ஆசிரியைக்கு மூன்று பிள்ளைகள். பகலிலே பிள்ளைகளுக்குக் கற்பித்த செப்டிமா, இரவிலே பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எழுதக் கடதாசி இல்லாதபோது சலவைக் கடைகளிலிருந்து வந்த காகித உறைகளிலே எழுதிக் காட்டினார்.

பின்பு அவர் கொலம்பியா நகருக்குச் சென்று பல ஆண்டுகள் கற்பித்தார். அங்கே வில் லூ கிரே என்ற வெள்ளை இனப் பெண்மணி மாநிலத்தின் வளர்ந்தோர் கல்விக்குப் பொறுப்பாயிருந்தார். எழுத்தறியாத கறுப்பினப் படைவீரருக்குக் கற்பிக்கும் அவருடைய திட்டத்திலே செப்டிமாவும் சேர்ந்து உழைத்தார். வளர்ந்தவனுக்குக் குழந்தைப் பாடத்தைக் கொடுக்கக் கூடாது. அவனுடைய பெயர், அவன் ஏறும் பஸ்ஸின் பெயர், அவன் கையொப்பமிட வேண்டிய பத்திரம் ஆகியவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற முறை அவர் கைக்குப் பழகிற்று. ஆசிரியையாயிருந்தவர் மறுபடியும் ஒருவரிடத்தே கற்றவரானார் என்பதைக் கவனியுங்கள்.

1956ஆம் ஆண்டிலே அவருக்குப் பெரிய சோதனை வந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திலே அங்கம் வகிப்போர் அரசாங்கச் சேவையில் இருக்கலாகாது என்று தென் கரோலைனா சட்டம் செய்தது. செப்டிமா தம் அங்கத்துவத்தை மறைக்க மறுத்தார். நாற்பது ஆண்டு ஆசிரிய சேவையும் ஓய்வூதியமும் ஒரே கடிதத்திலே போயின. அப்போது அவரை அழைத்து வேலை கொடுத்தவர் மைல்ஸ் ஹோட்டன். தெனெசி மாநிலத்து மலைப்பகுதியிலே 1932ஆம் ஆண்டு ஹைலாண்டர் என்ற பாடசாலையைத் தொடங்கியவர்களுள் அவர் ஒருவர். அதற்கு முந்திய ஆண்டு அவர் டென்மார்க்குக்குச் சென்று அங்குள்ள நாட்டார் உயர்பள்ளிகளை நேரிற் பார்த்தவர். குருந்த்விக் என்ற பெரியாரின் கருத்தின்படி 1844ஆம் ஆண்டு முதல் டென்மார்க்கிலே எழுந்த அப்பள்ளிகளிலே, வளர்ந்த உழவர் மக்கள் பரீட்சை இல்லாமல், பேசியும் கேட்டும் பாடியும் கற்றார்கள். ஹைலாண்டரிலும் அப்படியே, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்டு, தம் ஊர்ப் பிரச்சினையைத் தாமே பேசித் தீர்வு தேடினார்கள். 1955ஆம் ஆண்டுக் கோடையிலே அங்கு செப்டிமா நடத்திய வகுப்பிலே றோசா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண் இருந்தார். அதே ஆண்டு டிசெம்பர் முதலாந் தேதி மொன்ட்கொமரி நகரத்துப் பஸ்ஸிலே தம் ஆசனத்தை விட்டு எழ மறுத்தவர் அவரே.

இனி ஜோன்ஸ் தீவுக்கு மீண்டும் வருவோம். அங்கே ஈசோ ஜென்கின்ஸ் என்பவர் தீவு மக்களை நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிச்செல்லும் பஸ் ஓட்டினார். வாக்குரிமை பெற விரும்புவோர் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அக்காலச் சட்டம். ஈசோ தம் பஸ்ஸிலே போவோருக்கு அப்பகுதியைச் சொல்லிக் கொடுத்தார். அலிஸ் வைன் என்ற பெண்மணி அதைக் காதாற் கேட்டே மனனஞ் செய்து வாக்காளராகப் பதிந்துகொண்டார். ஆனால் அவருக்கு மனம் நிறையவில்லை. உண்மையாகவே வாசிக்கக் கற்றுத்தரும்படி ஈசோவைக் கேட்டார். 1954ஆம் ஆண்டிலே ஹைலாண்டருக்குச் சென்ற ஈசோ, தன் தீவுக்கு ஓர் இராப்பள்ளி வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையையே அங்கே வைத்தார். ஹைலாண்டர் கொடுத்த கடனைக் கொண்டு தீவு மக்கள் ஒரு பழைய பாடசாலைக் கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கத்திலே சங்கக்கடை, பின்பக்கத்து அறையிலே வகுப்பு.

கற்பிப்பது யார்? செப்டிமா நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர். தாமே கற்பித்திருக்கலாம். ஆனால் தம் உறவினராகிய பேர்னிஸ் றொபின்சனைத் தெரிந்தெடுத்தார். பேர்னிஸ் சிகையலங்காரம் செய்து சீவித்தவர். ஆசிரியப் பயிற்சி எதுவும் இல்லாதவர். "எனக்குக் கற்பிக்கத் தெரியாதே" என்று அவர் மறுத்தார். கற்பிக்கத் தெரிந்தவர் என்ற மிடுக்கு இல்லாத ஒருவர், பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஒருவர், வேலையிலிருந்து நீக்குவோம் என்று எவரும் பயமுறுத்த முடியாத ஒருவர் வேண்டும் என்று செப்டிமாவும் ஹோட்டனும் எண்ணினார்கள். துணை நிற்பதாக வாக்களித்துப் பேர்னிஸை உடன்படச் செய்தார்கள்.

1957ஆம் ஆண்டு ஜனவரி 7ஆந் தேதி 14 பேரோடு அந்த வகுப்பு ஆரம்பமாயிற்று. பேர்னிஸ் தாம் ஆசிரியை அல்லர் என்றும், எல்லோரும் சேர்ந்து கற்போம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார். சிறுபிள்ளைகளின் பாடப் புத்தகங்களைக் கொண்டு வந்திருந்தார். அவை பெரியவர்களுக்குப் பொருந்தா என்று உடனே கண்டு ஒதுக்கிவைத்தார். "உங்களுக்கு என்ன கற்க விருப்பம்?" என்று கேட்டார். தம் பெயரை எழுத வேண்டும், வேதாகமம் வாசிக்க வேண்டும், பத்திரிகை வாசிக்க வேண்டும், காசுக்கட்டளை நிரப்ப வேண்டும், கடையிலிருந்து தபால் மூலம் பொருள் வரவழைக்க வேண்டும், வாக்குரிமைச் சட்டப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அதுவே பாடத்திட்டமாயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரிலே ஒட்டி, வகுப்பு முடியுமுன் இதை நாம் வாசிப்போம் என்றார். வாரத்தில் இரண்டு இரவு; ஏறத்தாழ இரண்டு மாதம். கரும்பலகையிலே எழுதப்பட்ட பல பெயர்களுக்கிடையே தம் பெயரைத் தாமே கண்டு சுட்டிக் காட்டிய 65 வயது மூதாட்டி ஒருவரைப் பற்றிப் பேர்னிஸ் பிற்காலத்திலே நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். அயலிலுள்ள வாட்மலோ, எடிஸ்தோ தீவுகளும் வகுப்பு வேண்டும் என்றன. அங்கே புதிய ஆசிரியர்கள் அவ்வூர்களிலிருந்தே எழுந்தார்கள். "எனக்குத் தெரியாது" என்று ஓராண்டுக்கு முன் மறுத்த பேர்னிஸ் இப்போது அவர்களுக்கு வழிகாட்டியானார். 1961ஆம் ஆண்டிலே தெனெசி அரசு ஹைலாண்டரை மூடிவிட்டபோது, இந்த வேலை மாட்டின் லூதர் கிங் தலைமை தாங்கிய தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டின் கைக்குச் சென்றது. ஜோர்ஜியா மாநிலத்து டோர்செஸ்டர் என்ற இடத்திலே, செப்டிமாவும் டொரதி கொட்டனும் அன்ட்ரூ யங்கும் ஊரூராக வந்தவர்களுக்கு ஐந்து நாட் பயிற்சி கொடுத்தார்கள். பட்டமோ பத்திரமோ அங்கே கேட்கப்படவில்லை. உரத்து வாசிக்கவும், கரும்பலகையிலே தெளிவாக எழுதவும் முடிந்தால் அதுவே போதும். மிசிசிப்பியிலே பருத்தித் தோட்டத்தில் வேலை செய்த ஃபனி லூ ஹேமர் அப்பயிற்சி பெற்றவர்களுள் ஒருவர். பின்பு நாடறிந்த தலைவியானார். இப்படி ஆயிரக்கணக்கானோர் ஆசிரியரானார்கள். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தபோது, அந்த உரிமையைப் பயன்படுத்த ஆயத்தமான மக்கள் ஊர்தோறும் இருந்தார்கள்.

ஹோட்டனுக்கும் செப்டிமாவுக்கும் கருத்து வேற்றுமை உண்டானதையும் சொல்ல வேண்டும். மக்களைச் சீக்கிரமாக வாக்காளராகப் பதியச் செய்யலாம் என்று ஹோட்டன் நினைத்தார். முதலிலே அவர்கள் வாசிக்கப் பழக வேண்டும், படிப்படியாகத்தான் போக வேண்டும் என்று செப்டிமா வாதாடினார், சத்தமிட்டும் வாதாடினார். ஹோட்டன் இடங்கொடுத்தார். வளர்க்கப்படுபவர் எதிர்த்துப் பேசுவதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத வழிகாட்டியிடத்திலேதான் தலைவர்கள் வளர்கிறார்கள். நம்முடைய புராண படனச் சபையிலும் பயன் சொல்பவரைக் கேள்வி கேட்பது குற்றமாகக் கருதப்படவில்லை அல்லவா?

இன்னொரு சம்பவம். எல்லா ஊர்வலங்களுக்கும் தாங்களே தலைமை தாங்க வேண்டாம், அந்தந்த ஊரிலே தலைமை தாங்கக் கூடியவர்களை உருவாக்குங்கள் என்று செப்டிமா கிங் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது உத்தியோகத்தர் கூட்டத்திலே வாசிக்கப்பட்டபோது அங்கிருந்தோர் சிரித்தார்கள் என்று அவரே கூறியிருக்கிறார். நிருவாக சபையிலே ஒரு பெண் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். எனினும் அவர் தம் வேலையை நிறுத்தவில்லை. பறிக்கப்பட்ட ஓய்வூதியம் 1976ஆம் ஆண்டில் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. 1987ஆம் ஆண்டிலே, தம் எண்பத்தொன்பதாவது வயதிலே அவர் காலமானார்.

பெரியோர்களே, இளைஞர்களே,

இந்தச் சரித்திரத்தையும் நம் பழைய வழக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, நம் சங்கம் கைக்கொள்ளக்கூடிய சில காரியங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, ஆளைத் தெரிந்தெடுத்தல். வழக்கமாக மேடையேறும் பிள்ளையை மாத்திரம் பார்க்காதீர்கள். அயலவர் தம் கஷ்டத்தை யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அவர் தையற்காரியாக இருக்கலாம். முச்சக்கர வண்டி ஓட்டுபவராக இருக்கலாம். சாதாரண தரப் பரீட்சையிலே தவறியவராகவும் இருக்கலாம். வளர்ந்தவர்கள் யாரிடத்திலே கூச்சமில்லாமல் "எனக்கு இது தெரியாது" என்று சொல்வார்களோ அவரே அவர்களுக்கு ஏற்ற ஆசிரியர். எந்தக் குலம், எந்த ஒழுங்கை, ஆணா பெண்ணா என்ற கேள்வி இங்கே எழவே கூடாது.

இரண்டாவது, வெண்கட்டியைக் காலத்தோடு கைமாற்றுதல். முழுதும் தேறிய பின் கொடுப்போம் என்று காத்திருந்தால் ஒருவரும் தேறமாட்டார். மூன்றாம் வகுப்பிலேயே பத்து நிமிடம் அவர் பேசட்டும். பெரியவர் பின் வாங்கிலே இருந்து கேட்கட்டும். பிழையைச் சபையிலே சுட்டாமல், வீட்டுக்குப் போகும் வழியிலே நடந்துகொண்டே சொல்லட்டும். பாராட்ட வேண்டியதை மாத்திரம் எல்லோர் முன்னிலையிலும் சொல்லட்டும்.

மூன்றாவது, வகுப்பு முடிந்தபின் இருவரும் கால் மணி நேரம் இருந்து கதைத்தல். இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எந்த இடத்திலே முகங்கள் வாடின, அடுத்த நாள் என்ன செய்வது என்பவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியிலே எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி அடுத்து வருபவருக்குப் பெருஞ் செல்வமாகும்.

நான்காவது, ஒதுங்கி நிற்றல். பெரியோர்களுக்கு இதுவே கடினமானது என்பதை யான் அறிவேன். எனக்கும் அது கடினம். நாம் தொடங்கிய வேலையை மற்றொருவர் வேறு விதமாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க மனம் இலேசில் ஒப்புவதில்லை. ஆயினும் ஆண்டுக்கு ஒரு மாதமாவது வகுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்து பாருங்கள். நீங்கள் இல்லாமலே அது நடந்தால் உங்கள் வேலை பலித்தது என்று சந்தோஷப்படுங்கள். நடக்கவில்லையென்றால், திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். எங்கள் ஊர் ஆசிரியருக்கு அந்தக் காலம் கிடைக்கவில்லை.

இளைஞருக்கும் ஒன்று. உங்களை அழைக்கும்வரை காத்திராதீர்கள். "ஐயா, நான் ஒருக்காற் சொல்லிப் பார்க்கட்டுமா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அப்படிக் கேட்கப்படும் பெரியவர் மனதுக்குள்ளே மகிழ்வார். யான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியின் நட்டத்தை எட்டுப் பேர் அனுபவித்தார்கள். உங்களில் ஒருவருக்கும் அந்த மனவருத்தம் வரக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குருவை வணங்கும் மரபு நம்முடையது. தக்ஷிணாமூர்த்தியாய் ஆலமரத்தின் கீழ் எழுந்தருளியிருக்கும் இறைவன் திருவுருவத்தைப் பாருங்கள். அவரைச் சூழ்ந்திருக்கும் சனகாதி முனிவர் நால்வரும் அங்கேயே இருந்துவிடும்பொருட்டுக் கேட்கவில்லை. பெற்றதை உலகுக்குக் கொடுக்கும்பொருட்டுக் கேட்டார்கள். நாமும் பெற்றதைக் கொடுப்போம். கொடுக்கக் கூடியவரையும் ஆக்கிவிட்டுப் போவோம்.

வருகின்ற ஆண்டிலே சங்க மண்டபத்திலே வாரத்துக்கு ஒரு மாலை வளர்ந்தோர் வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம் என்று செயற்குழு எண்ணியிருப்பதாக அறிந்தேன். மிக்க மகிழ்ச்சி. முதல் நாளிலேயே இரண்டு பெயரைப் பதிவுசெய்யுங்கள்: நடத்துபவர் ஒருவர், அவர் பக்கத்திலிருந்து பழகுபவர் ஒருவர். அடுத்த ஆண்டு விழாவிலே இந்த இடத்தில் நின்று அந்த இரண்டாமவர் பேசட்டும். உடலிலே பலமிருந்தால் யான் கீழே உட்கார்ந்து கேட்க வருவேன்.

சங்கம் நீடு வாழ்க. அதன் பணி தலைமுறை தலைமுறையாக ஓங்குக என்று எல்லாம் வல்ல சிவபெருமான் திருவடிகளைப் பிரார்த்தித்து அமைகின்றேன்.